முதல் மாவிளக்கு

அன்புச்செல்விக்குக் கோபம் வந்தால் வலது கண் மட்டும்தான் சிவக்கும். இடது கண்ணில் பூ விழுந்து இருபது வருடம் ஆகிவிட்டது. ஊரே தீப்பிடித்தாலும் அது பால்வெளுப்பாகவே இருக்கும். அந்தப் புதன்கிழமை காலை, கல்லுக்காட்டுப்புதூர் துணை சுகாதார நிலையத்து பெஞ்சில் பதினோரு மாதக் குழந்தை யுவஸ்ரீயை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளுடைய வலது கண் நன்றாகவே சிவந்திருந்தது. அம்மை ஊசி ஒன்பதாம் மாதம் போட்டிருக்க வேண்டியது. அதற்காக அவள் இந்த பெஞ்சுக்கு வருவது இது நான்காவது தடவை.

"இன்னைக்கும் ஆகாது அம்மணி," என்றார் நர்ஸ் உம்மல் குல்சும். கோயமுத்தூர் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவர். "மூணு புள்ளைங்கதான் வந்திருக்குது. எட்டுப் பேர் சேராம அம்மைக் குப்பியை உடைக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல கண்டிசனா சொல்லிப்போட்டாங்க. பொடி மருந்து. தண்ணி கலந்துட்டா நாலு மணி நேரந்தான், அப்புறம் கொட்டணும். பத்துப் புள்ளைக்குப் போடற மருந்தை மூணு பேருக்குப் போட்டுட்டு மிச்சத்தைக் கொட்டினா என்னைத்தான் கேப்பாங்க."

"போன தடவையும் இதையேதானுங்க சொன்னீங்க."

"போன தடவையும் மூணு பேருதானே வந்தீங்க?"

நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த மூன்று பேரும் திரும்பிப் போனால் அடுத்த வாரம் இரண்டு பேர்தான் வருவார்கள், அதற்கடுத்த வாரம் ஒருத்தர் என்பதை ஆபீசில் இருக்கிற யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பாவது இப்படித்தான்.

குல்சும் உள்ளே போய்ப் பஞ்சு எடுத்து வருவதற்குள் அன்புச்செல்வி மேசைமேல் விரிந்து கிடந்த பெரிய ரிஜிஸ்தரைப் பார்த்தாள். எட்டாவது வரைக்கும் படித்தவள். தலைகீழாக இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். இடது பக்கம் பிள்ளைகளின் பெயர், வலது பக்கம் 'ஊசி போடாததற்குக் காரணம்'. மேலிருந்து கீழே பதினோரு பெயர். பதினொன்றுக்கும் ஒரே கையெழுத்தில் ஒரே காரணம் எழுதியிருந்தது. தாயின் அலட்சியம். நான்காவது பெயர் யுவஸ்ரீ.

"நர்சம்மா, இது என்னங்க?"

குல்சும் எட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் கறுத்தது. "அது ஆபீசுக்கு எழுதறது கண்ணு. நீ அதையெல்லாம் பாக்காத."

"என்ற புள்ள பேருக்கு நேரா எழுதியிருக்குதுங்க. நானு பாக்காம யாரு பாக்கறது? மொதத் தடவை வந்தேன், ஆளில்லைன்னு அனுப்பினீங்க. ரெண்டாந்தடவை வந்தேன், நீங்க குடும்பக் கட்டுப்பாடு கேம்புக்குப் போயிட்டீங்க, பூட்டு தொங்குச்சு. மூணாந்தடவை ஊட்டு ஓடு ஒழுகி ஊசி அட்டை நனைஞ்சு போச்சுன்னு சொன்னதுக்கு அத்தனை பேரு முன்னாடி வெச்சுத் திட்டி வஞ்சீங்க, அப்புறம் ஆளில்லைன்னீங்க. இன்னைக்கு நாலாந்தடவை. இதுல எங்கீங்க அலட்சியம்?"

"நான் என்ன பண்ணட்டும்? அந்தக் கட்டத்துல எழுதறதுக்கு நாலே காரணந்தான் குடுத்திருக்காங்க. ஊருல இல்லை, புள்ளைக்குச் சீக்கு, பயம், தாயின் அலட்சியம். ஊசிக்காரி குப்பியை உடைக்கலைன்னு எழுதறதுக்குக் கட்டம் இல்லை அம்மணி."

இதைச் சொல்லும்போது குல்சும் சிரிக்கவில்லை. அன்புச்செல்விக்கு அந்த நேரத்தில் அவர்மேல் இருந்த கோபம் பாதி இறங்கி, யாரென்றே தெரியாத அந்த ஆபீஸ்மேல் ஏறிக்கொண்டது.

"அடுத்த புதன்?"

"ஆனைமலைப் பக்கம் டிரெய்னிங். வர மாட்டேன். அதுக்கு அடுத்த புதன் உங்கூரு மாரியம்மன் நோம்பி. அன்னைக்கு யாரு வரப் போறா? நான் மட்டும் ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கணும்."

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அன்புச்செல்வி படியிறங்கினாள். பட்டறையில் அரை நாள் போயிற்று. இனி சூப்பர்வைசர் நஞ்சப்பனின் வாயில் விழுந்து எழ வேண்டும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் செட் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற பட்டறை அது. பதினெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செம்புக் கம்பியை அச்சில் சுற்றுவார்கள். ஒரு சுற்று கூடக்கூடாது, குறையக்கூடாது. தப்பினால் மோட்டார் புகைந்துபோகும். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அன்புச்செல்வி இதுவரை ஒரு சுற்று தப்பவிட்டதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நஞ்சப்பன் அவளை வேலையை விட்டு நிறுத்தாமல் திட்டுவதோடு விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனம்மா, மத்த நாளெல்லாம் உன்ற புள்ள நல்லாத்தானே இருக்குது? புதங்கெழமையானா மட்டும் ஆஸ்பத்திரியா?"

"புதங்கெழமை ஒம்போதுல இருந்து ஒரு மணி வரைக்குந்தானுங்க ஊசி. பட்டறை லீவு ஞாயித்துக்கெழமை. ரெண்டையும் ஒண்ணாக்கிக் குடுங்க, நான் ஏனுங்க லீவு கேக்கறேன்?"

ஊசி போடுகிற நாளைப் புதன்கிழமை என்று வைத்தவர்கள் வீட்டுப் பெண்கள் யாரும் பட்டறைக்குப் போகிறவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் காயில் சுற்றிக்கொண்டிருந்த பூவாத்தாள் குனிந்தபடி சொன்னாள், "செல்வி, நானெல்லாம் அந்த ஊசியை மறந்தே போட்டேன். என்ற பையன் எழிலுக்கு வயசு ஒண்ணு முடிஞ்சிருச்சு. அதுக்கு ஒரு நா லீவு போட்டு, போயி, ஆளு சேரலைன்னு திரும்பி வர்றதுக்கு இங்கியே உக்காந்திருக்கலாம்." இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி தன் பெண்ணுக்கும் போடவில்லை என்றாள். அந்த வரிசையில் மட்டும் ஐந்து தாய்மார். ரிஜிஸ்தரில் எழுதியிருந்த பதினோரு அலட்சியத்தில் ஐந்து, காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை இடுப்பு ஒடிய அங்கே உட்கார்ந்திருந்தது.

இந்த ஊசியில் அவளுக்கு மட்டும் ஏன் இத்தனை பிடிவாதம் என்று யாரும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

நாலு வயதில் அவளுக்கு மணல்வாரி அம்மை போட்டது. உடம்பெல்லாம் வேர்க்குரு மாதிரி பொரிந்து, இறங்கும்போது இடது கண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்த வருடம் அதே வளவில் மூன்று பிள்ளைகள் செத்தார்கள் என்பதால், கண்ணோடு போயிற்றே என்று அவளுடைய அப்பன் ஆட்டுக்கிடாய் வெட்டினான். ஊர் அதற்கு வேறு பெயர் வைத்தது. ஆத்தா தொட்ட பிள்ளை. மாரியம்மனே வந்து பிரியப்பட்டு எடுத்துக்கொண்ட கண்ணாம் அது.

கல்லுக்காட்டுப்புதூரில் ஒரு வழக்கம் இருந்தது. சித்திரை நோம்பியில் மாவிளக்கு ஊர்வலம் போகும்போது ஆத்தா தொட்ட ஆள்தான் முதல் விளக்கைத் தூக்கி முன்னால் நடக்க வேண்டும். அவள் விளக்கு அசைந்தால்தான் தப்பட்டை அடிக்கும், பின்னால் இருக்கிற இருநூறு விளக்கும் அசையும். முன்பு முகமெல்லாம் பெரியம்மைத் தழும்பு விழுந்த ஒரு கிழவி அந்த விளக்கைத் தூக்கினாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் செத்ததும் பூசாரி கண்ணையா நேராக அன்புச்செல்வி வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்தார். "ஆத்தா ஒருத்தியக் கூப்பிட்டுக்கிட்டா இன்னொருத்தியக் காட்டிருவா. அந்த எடம் எப்பவும் காலியா இருக்காது," என்று பெருமையாகச் சொன்னார்.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்து காபியைக் குடித்துவிட்டுக் கண்ணைப் பார்த்து எழுந்து போன நான்கு மாப்பிள்ளை வீட்டாரும் அவளை ஆத்தா தொட்டவள் என்று கும்பிடவில்லை. ஐந்தாவதாக வந்த காளிச்சாமிதான் கட்டிக்கொண்டான். மூன்று வருடமாக அவள் அந்த முதல் மாவிளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு வருடமும் வயிறு எரிந்துகொண்டேதான் நடந்தாள்.

காளிச்சாமி நல்லவன். கட்டட வேலைக்குப் போகிறவன், நோம்பிக்குத் தப்பட்டை அடிக்கிறவன். ஊசிக்குப் போய்த் திரும்பிய அந்தப் புதனுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, நோம்பியைத் தொடங்கி வைக்கிற பூச்சாட்டு முடிந்து கோயில் முன்னால் கம்பம் நட்டாயிற்று. அவன் கையில் மஞ்சள் காப்பும் கட்டியாயிற்று. இனி நோம்பி முடிகிறவரைக்கும் வீட்டில் கடுகு தாளிக்கக் கூடாது, வெளியூரில் தங்கக் கூடாது, உடம்பில் ஊசி படக் கூடாது. ஆத்தா ஊருக்குள் இருக்கிற நாள்.

"நல்லவேளை, அவங்களே போடலைன்னு அனுப்பிட்டாங்க," என்றான் அவன், தப்பட்டையை வெயிலில் காய வைத்தபடி. "பூச்சாட்டு முடிஞ்ச மறுநாளே நீ ஊசிக்குப் போனதே எனக்குப் புடிக்கல செல்வி."

"புடிக்காட்டிப் போகுது மாமா. புள்ளைக்கு ரெண்டு மாசம் தள்ளிப் போச்சு."

"போன முத்தடுப்பு ஊசிக்குத் தொடை வீங்கி மூணு நா காச்சல் காஞ்சுதே, மறந்துட்டயா? ராத்திரியெல்லாம் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தது நானு. நோம்பி முடியட்டும். அப்பறமேட்டுக்குப் பாத்துக்கலாம்."

அவன் பயந்துதான் பேசினான். அன்புச்செல்விக்கு அது தெரியும் என்பதால் சண்டை போடவில்லை. ஆனால் அப்பறமேட்டுக்கு என்ற அந்த ஒரு வார்த்தை அவள் காதில் ஒரு வாரம் ஒலித்துக்கொண்டே இருந்தது.

நோம்பிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் மூன்றாவது வீட்டுக்குத் துடியலூரிலிருந்து நோம்பிக்கு வந்த உறவுக்காரப் பையனுக்குக் கண் சிவந்து மூக்கு ஒழுகியது. மறுநாள் விடியும்போது காதோரம் பொரிய ஆரம்பித்திருந்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். "ஆத்தா நோம்பிக்குன்னே வந்துட்டா," என்று சந்தோசமாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பையன் முந்தின நாள் முழுக்க யுவஸ்ரீயைத் தூக்கி வைத்துக்கொண்டு விளையாடியிருந்தான்.

 அன்புச்செல்வி குழந்தையின் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கருகருவென்று இரண்டு கண். இரண்டும் அவளைப் பார்த்துச் சிரித்தன. எது போனாலும் இது போகக் கூடாது என்று நினைத்தாள். நினைத்த கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பட்டறைக்குப் போகிற வழியில், குல்சும் இறங்குகிற பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள்.

"புதங்கெழமை நோம்பிக்கு எங்கூரு சனம் அத்தனையும் லீவுங்க. பட்டறையே லீவு. வருசத்துல ஒரே ஒரு புதங்கெழமைதான் எல்லாத் தாயும் புள்ளையோட ஒரே எடத்துல நிப்பாங்க. கோயில் முன்னாடி. நீங்க சுகாதார நெலையத்துல ஈ ஓட்டாம பொட்டியத் தூக்கிக்கிட்டு அங்க வந்துருங்க நர்சம்மா."

குல்சும் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்குது? பூச்சாட்டு போட்ட ஊருல, அம்மன் கோயில் வாசல்ல, அம்மை ஊசியா? அதுவும் நானு பாய் ஊட்டுப் பொம்பளை. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆனா யாரு மேல விழும் தெரியுமா?"

"என்ற மேலதானுங்க விழும். கூப்பிட்டது நானு. நீங்க கோயிலுக்கு வர வேண்டாம், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நில்லுங்க. அது பஞ்சாயத்து எடம்."

"எட்டுப் பேர் வேணும்."

"பத்துப் பேரு வருவாங்க. எண்ணிச் சொல்றேன். எனக்கு எண்ணிக்கை தப்பாதுங்க."

 மூன்றாவது வீட்டுப் பையனுக்குப் பொரிந்திருப்பதை அவள் சொல்ல, குல்சும் அதை மட்டும் விசாரித்து ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். போகும்போது திரும்பி, "எத்தனை மணிக்கு?" என்றார்.

"பத்துக்கு மாவிளக்கு கெளம்புங்க."

அந்த இரண்டு நாளும் அன்புச்செல்வி பட்டறை வரிசையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் ஆள் பிடித்தாள். தலையாட்டினார்கள். பூவாத்தாள் சத்தியமே பண்ணினாள். யுவஸ்ரீயோடு பத்துப் பெயர் சேர்ந்தது. காளிச்சாமியிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே சொல்லிவிட்டாள். அவன் தப்பட்டையை எடுத்துக்கொண்டு கம்பத்தைச் சுற்றி ஆடப் போய்விட்டான்.

புதன்கிழமை காலை பத்து மணி. கோயில் முன்னால் மஞ்சளும் வேப்பிலையுமாகக் கூட்டம். பெண்கள் தட்டத்தில் மாவிளக்கு வைத்து, தலையில் பூ வைத்து, இடுப்பில் பிள்ளையுமாக நின்றார்கள். தண்ணீர்த் தொட்டி ஓரம், தோளில் பெட்டியோடு, சேலை முந்தானையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு குல்சும் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் தலையாட்டியவர்கள் ஒவ்வொருவராக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பூவாத்தாள் மட்டும் அன்புச்செல்வியைப் பார்த்து, மாமியார் பக்கம் கண்ணைக் காட்டி, உதட்டைப் பிதுக்கினாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

பூசாரி கண்ணையா முதல் மாவிளக்கை ஏற்றி அன்புச்செல்வி கையில் கொடுத்தார். அப்போதுதான் தொட்டிப் பக்கம் பார்த்தார்.

"அந்தம்மா எதுக்கு இங்க வந்து நிக்குது? பொட்டியில என்னது?"

"ஊசிங்க பூசாரி. அம்மை ஊசி. நான்தான் வரச் சொன்னேன்."

தட்டிச் சுதி பார்த்துக்கொண்டிருந்த தப்பட்டைகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியாக நின்றது காளிச்சாமியுடையது.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஆத்தா ஊருக்குள்ள இருக்கறப்ப அவளை வெரட்டறதுக்கு ஊசியா? அவள் தொட்ட புள்ளை நீ, நீயே இதைச் செய்யலாமா? மொதல்ல அந்தம்மாவப் போகச் சொல்லு. விளக்கைத் தூக்கு. நேரமாகுது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். அன்புச்செல்வி வரம் கேட்கிற நிலையில் இல்லை. விளக்குத் தட்டத்தைத் தரையில் வைத்தாள். அதன் பக்கத்தில், கோயிலுக்கு நேர் எதிரே, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தூக்கறனுங்க. என்ற புள்ளைக்கு ஊசி போட்ட பொறகு தூக்கறேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. முதல் விளக்கு நகராமல் ஊர்வலம் நகராது. அவளை விட்டுவிட்டு வேறொருத்தியைத் தூக்கச் சொல்ல வழக்கத்தில் இடமில்லை. ஊரே பார்த்துப் பார்த்துக் கட்டி வைத்த வழக்கம், இன்றைக்கு ஊரின் காலையே கட்டிப்போட்டது.

"நீ ஆத்தாகிட்டயே வம்பு பண்றயா?" என்றார் பூசாரி.

"ஆத்தாளுக்கும் எனக்கும் ஒரு வம்பும் இல்லீங்க. அவ என்ற கண்ணை எடுத்தான்னு நீங்கதான் சொல்றீங்க, அவ எங்கிட்டச் சொல்லல. எனக்கு மணல்வாரி போட்டப்ப இந்த ஊசி இல்லைங்க. எங்கப்பன் என்ன பண்ணுவான் பாவம், கெடா வெட்டினான். இன்னைக்கு ஊசி இருக்குது. அந்தா, முப்பதடி தூரத்துல பொட்டியில இருக்குது. மூணாம் ஊட்டுல பையனுக்குப் பொரிஞ்சிருக்குது. ஊசியக் கையில வெச்சுக்கிட்டு நான் என்ற புள்ள கண்ணைக் குடுத்தேன்னா, அதை எடுத்தது ஆத்தா இல்லைங்க. நானு. அந்தப் பாவத்தை நான் பண்ண மாட்டேன். நீங்க பண்ணுவீங்களா?"

கடைசிக் கேள்வி பூசாரிக்குப் போடப்பட்டதா, தட்டத்தோடு நின்ற பெண்களுக்கா என்று தெரியவில்லை.  அவள் காளிச்சாமியைப் பார்த்தாள். அவன் கழுத்தில் தப்பட்டை, மணிக்கட்டில் காப்பு. முகம் வியர்த்திருந்தது.

"மாமா, உங்களுக்கு வேண்டாம்னா இப்பச் சொல்லிப்போடுங்க. இத்தனை பேருக்கு முன்னாடி சொல்லுங்க. நாளைக்குப் புள்ள என்னைக் கேட்டா நான் சொல்லோணுமல்லங்க."

  காளிச்சாமி தப்பட்டையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தின் நடுவே நடந்து வந்து, குனிந்து குழந்தையை வாங்கினான். தொட்டிப் பக்கம் அவன்தான் தூக்கிக்கொண்டு போனான். "கால்லயா கையிலயாங்க?" என்று குல்சுமிடம் கேட்டான்.

"கையில. வீங்காது. ஒரு வாரங்கழிச்சு ஒரு நா லேசாக் காயும், ரெண்டு பொரி தெரியும். பயப்படக் கூடாது." குல்சும் கூட்டத்தைப் பார்த்தார். எட்டுப் பேர் இல்லை. ஒரே ஒரு குழந்தைதான். அன்புச்செல்வியின் வலது கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எட்டு வருட சர்வீசில் உம்மல் குல்சும் செய்யாத வேலையை அன்றைக்குச் செய்தார். குப்பியை எடுத்து, கழுத்தை அறுத்து, பட்டென்று உடைத்தார்.

"ஒரு புள்ளைக்கு உடைச்சேன்னு நானே எழுதிக்கறேன்," என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். மருந்து கலந்தார். ஊசி குத்தியதும் யுவஸ்ரீ கோயில் மணிக்கு மேலே கத்தினாள்.

குல்சும் குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்தார். நிறைய மிச்சம் இருந்தது. பிறகு நல்ல சத்தமாக, டவுன் பஸ்ஸில் இடம் கேட்கிற குரலில் சொன்னார்: "ஒம்போது புள்ளைக்கு மருந்து இருக்குது. திரும்ப மூடி வெக்க முடியாது. யாரும் வரலைன்னா இப்படியே மண்ணுல கொட்டிட்டுப் போறதுதான்."

ஆத்தாளுக்குப் பயப்படுகிற ஊர்தான் அது. ஆனால் சிந்திய பருக்கையை எடுத்துக் கழுவித் தின்கிற ஊரும்கூட. கண்ணுக்கு முன்னால் ஒன்பது பிள்ளையின் மருந்து மண்ணுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அந்தப் பெண்களால் முடியவில்லை. ஒருத்தி, "ஏனுங், நெசமாவே கொட்டிருவீங்களா?" என்றாள். "ஒடைச்சது ஒடைச்சாச்சு, எதுக்கு வீணாக்கறது," என்று அதட்டியது பூவாத்தாளின் மாமியார். அதைக் கேட்டதும் பூவாத்தாள் தட்டத்தை மாமியார் கையிலேயே திணித்துவிட்டு எழிலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் பின்னால் பட்டறை வரிசை. தட்டங்கள் கை மாறின. இடுப்பில் இருந்த பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே முன்கூட்டியே அழ ஆரம்பித்தன.

அன்புச்செல்வி உட்கார்ந்த இடத்திலிருந்தே காயில் சுற்றை எண்ணுகிற மாதிரி எண்ணினாள். நாலு. அஞ்சு. ஆறு. ஏழாவதாகப் போனது பூசாரி கண்ணையாவின் மருமகள். கண்ணையா கோபுரத்தில் ஏதோ உடைந்திருப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பத்தோடு குப்பி தீர்ந்தது.

குல்சும் பெட்டியை மூடும் முன் பைக்குள்ளிருந்து ரிஜிஸ்தரை எடுத்து, தொட்டித் திண்டின்மேல் வைத்து விரித்தார். பேனாவை அழுத்திப் பிடித்து, தாயின் அலட்சியம் என்ற வரியை ஒவ்வொன்றாக அடித்தார். பத்து அடித்துவிட்டுப் பதினொன்றில் கொஞ்சம் நின்றார். அந்தப் பிள்ளை ஊருக்கு வரவில்லை. அதையும் அடித்தார்.

அன்புச்செல்வி எழுந்தாள். விளக்கின் நெய் இன்னும் தீரவில்லை. தட்டத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினாள். மூன்று வருடத்தில் முதன்முறையாக வயிறு எரியவில்லை. காளிச்சாமி ஒரு கையில் அழுகிற குழந்தையோடு தப்பட்டைக்காரர்கள் பக்கம் போய் நின்று, அடிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினான்.

அவள் உடனே நடக்கவில்லை. பூசாரியின் முன்னால் போய் நின்றாள்.

"பூசாரிங்க, நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்த விளக்கைத் தூக்கறனுங்க. ஒரு கொறையும் வெக்க மாட்டேன்."

கண்ணையாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "ஆத்தா உன்னை வெக்கற எடத்துல வெப்பா கண்ணு. உனக்கப்பறம் யாரைக் காட்டறாளோ..."

"காட்ட மாட்டாங்க," என்றாள் அன்புச்செல்வி. "அதுக்குத்தானுங்க இத்தனை நேரம் மண்ணுல உக்காந்திருந்தேன். எனக்கு அப்பறம் மொத விளக்கத் தூக்கறதுக்கு இந்த ஊருல ஆளு இருக்காது. இப்பவே வேற வழக்கம் ஒண்ணு ரோசனை பண்ணி வெச்சுக்கோங்க."

தப்பட்டை அடித்தது. அவள் முன்னால் நடந்தாள்.